கீழே இருக்கும் எண்: காய்ச்சல் வந்த தெருவில் ஒரு பாடம்

அக்டோபர் கடைசி. பருவமழை தொடங்கி இரண்டு நல்ல மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. வட சென்னையில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்குள் காய்ச்சலோடு ஏழு குழந்தைகள் வந்துவிட்டார்கள். மருத்துவர் ஒவ்வொரு குழந்தையாகப் பார்க்கிறார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறார், பாராசிட்டமால் கொடுத்து அனுப்புகிறார். அவர் வேலை சரியாகவே நடக்கிறது. ஓரமாக உட்கார்ந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் செவிலியர் மட்டும் பேனாவை நிறுத்துகிறார். ஏழு பேரில் ஐந்து பேரின் முகவரி ஒரே தெரு.

ஏன் அந்தத் தெரு? ஏன் இந்த வாரம்? அதே தெருவில் காய்ச்சல் வராத குழந்தைகள் எத்தனை பேர்?

சமுதாய சுகாதாரச் செவிலியத்தைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் முறை களப்பணிக்கு வரும் மாணவிகள், தோளில் பையும் பைக்குள் அதைக் கீழே வைக்கும் முன் விரிக்க வேண்டிய பழைய செய்தித்தாளுமாக வந்து நிற்பார்கள். முதல் இரண்டு கேள்விகளை அவர்களே கேட்டுவிடுவார்கள். மூன்றாவது கேள்வி யாருக்கும் தோன்றாது. நோய் வராதவரைப் பற்றி எதற்குக் கேட்க வேண்டும் என்று விழிப்பார்கள். நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராயும் எபிடெமியாலஜி என்ற துறையே அந்த மூன்றாவது கேள்வியில்தான் நிற்கிறது.

எபிடெமியாலஜியைப் பல புத்தகங்கள் ‘தொற்றுநோயியல்’ என்று எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சர்க்கரை நோய் தொற்றாது. ரத்தசோகை தொற்றாது. ஹெல்மெட் போடாமல் விழுந்து தலையில் அடிபடுவதும் தொற்றாது. ஆனால் எல்லாமே இந்தத் துறைக்குள் வரும். கிரேக்க மூலத்தின்படி பார்த்தால், மக்கள் மேல் வந்து இறங்குவதைப் பற்றிய படிப்பு இது. அதனால் ‘நோய்ப்பரவியல்’ என்றே எழுதுகிறேன். பரவுதல் என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுவது மட்டுமில்லை. ஊரில் ஒரு நோய் எங்கே அடர்த்தியாக, எங்கே மெலிந்து பரவிக் கிடக்கிறது என்பதும்தான்.

பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. மருத்துவமனை வார்டில் இருக்கும் செவிலியர் கண்ணில் படுவது தொகுதி மட்டுமே, அதாவது கட்டிலில் படுத்திருப்பவர்கள். சமுதாயச் செவிலியருக்கோ ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது, இத்தனை தெரு, இத்தனை வீடு, இத்தனை தலை என்று. அந்தப் பகுதிதான் அவருடைய கணக்கின் பகுதியும். தமிழ் இந்த ஓர் இடத்தில் நமக்கு ஓசியில் பாடம் நடத்திவிடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. முதல் தெருவில் 10 பேருக்குக் காய்ச்சல், இரண்டாம் தெருவில் 12 பேருக்கு. கொசு மருந்து ஆளை எந்தத் தெருவுக்கு முதலில் அனுப்புவீர்கள்? இரண்டாவதுக்கு என்று அவசரப்பட வேண்டாம். முதல் தெருவில் வசிப்பவர்கள் 400 பேர், இரண்டாவதில் அடுக்குமாடிகள் நிறைய, 1,200 பேர். ஆயிரத்துக்கு எத்தனை என்று பார்த்தால் முதல் தெருவில் 25, இரண்டாவதில் 10. கீழே இருக்கும் எண் தெரிந்ததும் முடிவே திரும்பிவிட்டது.

மாணவிகளைத் தடுமாற வைக்கும் இன்னொரு ஜோடி, புது நிகழ்வு வீதமும் இருப்பு வீதமும். இதற்கு நான் வீட்டு சம்ப்பை, அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவேன். லாரி வந்து தண்ணீர் இறக்குகிறது. அது புது நிகழ்வு, புதிதாக நோய் வந்தவர்கள். சம்ப்பில் இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது இருப்பு, இப்போது நோயோடு இருக்கும் எல்லோரும். மோட்டார் போட்டு மேலே ஏற்றுவது, குணமாகியோ இறந்தோ கணக்கிலிருந்து வெளியேறுவது. டெங்கு வேகமாக வந்து வேகமாக வெளியேறும், சம்ப்பில் தங்காது. சர்க்கரை நோய் வந்தால் பெரும்பாலும் வந்ததுதான், மட்டம் ஏறிக்கொண்டே போகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாத்திரை ஒழுங்காகக் கிடைத்து, சர்க்கரை நோயாளிகள் பத்து வருடம் கூடுதலாக வாழ்ந்தால் மட்டம் இன்னும் ஏறும். ‘நோயாளிகள் அதிகரித்துவிட்டார்கள்’ என்று செய்தி வரும்போது, லாரி கூடுதலாக வருகிறதா, மோட்டார் மெதுவாக ஓடுகிறதா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் அது நல்ல சேதி. இதே போல, போன வாரம் முகாம் போட்டதால் இந்த வாரம் எண்ணிக்கை ஏறியிருக்கலாம். தேடினோம், அதனால் கிடைத்தது. நோய் கூடியது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

வளைகாப்பில் கேசரி செய்த குற்றம்

வீதக் கணக்கு வெறும் காகித வேலை என்று நினைப்பவர்களுக்காக இந்த உதாரணத்தை வைத்திருக்கிறேன். இதுவும் கற்பனைதான், ஆனால் களத்தில் இதே வடிவில் வரும்.

ஒரு வளைகாப்பு. 60 பேர் சாப்பிட்டார்கள். அன்று இரவுக்குள் 24 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. செவிலியர் வீடு வீடாகப் போகிறார். பாதிக்கப்பட்டவர்களிடம் மட்டும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார். 24 பேரில் 20 பேர் கேசரி சாப்பிட்டிருக்கிறார்கள், 21 பேர் தயிர் சாதம் சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டுமே சந்தேகத்துக்கு உரியவை. அதற்குள் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது: “கேசரில அந்த கலர் பொடிதான் காரணம்.” சமையல்காரர் பாடு திண்டாட்டம்.

சரி, இப்போது நன்றாக இருக்கும் 36 பேரிடமும் போய் அதே கேள்வியைக் கேட்கலாம். அவர்களுக்கு இது பிடிக்காது. ‘எனக்குத்தான் ஒன்றும் இல்லையே’ என்பார்கள். இருந்தாலும் கேட்டு எழுதிக்கொண்டால் கிடைப்பது இது. கேசரி சாப்பிட்ட 50 பேரில் 20 பேருக்கு நோய், 40 சதவீதம். சாப்பிடாத 10 பேரில் 4 பேருக்கு நோய், அதுவும் 40 சதவீதம். தின்றாலும் தின்னாவிட்டாலும் ஒன்றுதான் என்றால் கேசரி நிரபராதி. தயிர் சாதம் சாப்பிட்ட 30 பேரில் 21 பேருக்கு நோய், 70 சதவீதம். சாப்பிடாத 30 பேரில் 3 பேருக்கு, 10 சதவீதம்தான். ஏழு மடங்கு வித்தியாசம். காலையிலேயே கலந்து, மண்டபத்து வெக்கையில் மூன்று மணி வரை வைத்திருந்த அண்டாவைப் பற்றி இனி விசாரிக்கலாம்.

கேசரியை விடுவித்தவர்கள் நோய் வராதவர்கள். நோயாளிகளை மட்டும் எத்தனை தடவை கேட்டிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது.

நோய்ப்பரவியல் என்றதும் எல்லோரும் சொல்லும் 1854ஆம் ஆண்டு லண்டன் கதையிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பிராட் ஸ்ட்ரீட்டில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் தெருக்குழாய்த் தண்ணீரைச் சந்தேகித்தார், அதன் கைப்பிடி கழற்றப்பட்டது என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அவரைத் தைரியமாகப் பேச வைத்தவர்களில், அதே தெருவில் இருந்தும் சாகாத மதுவடிப்பாலைத் தொழிலாளர்கள் உண்டு. அவர்களுக்கு பீர் இலவசம், ஆலைக்குச் சொந்தமாகக் கிணறும் இருந்தது. தெருக்குழாய்ப் பக்கம் போகவே இல்லை. காலராக் கிருமி இன்னது என்று ராபர்ட் கோக் உலகுக்குக் காட்டியது 1880களில். கிருமியின் பெயர் தெரிவதற்குச் சுமார் முப்பது வருடம் முன்பே, எதை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்று மூலை

நோய்க் காரணி, அதை வாங்கிக்கொள்ளும் மனிதர், இருவரும் சந்திக்கும் சூழல் என்று ஒரு முக்கோணம் பாடப்புத்தகத்தில் இருக்கும். அதை வரைந்து மனப்பாடம் செய்வதில் பிரயோஜனம் இல்லை. மூன்று மூலையில் எந்த மூலையில் என்னால் கை வைக்க முடியும் என்று கேட்க வேண்டும்.

நமது தெருவுக்குத் திரும்புவோம். அங்கே வந்திருப்பது டெங்கு என்று வைத்துக்கொள்வோம். டெங்கு வைரஸைக் கொல்லத் தனி மருந்து கிடையாது, அந்த மூலை பூட்டியிருக்கிறது. மனிதர் மூலையில் கொஞ்சம் இடம் உண்டு. டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை இரண்டாம் முறை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம், ஆகவே முன்பு டெங்கு வந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். சூழல் மூலைதான் திறந்து கிடக்கிறது. ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நாம் குடிக்கவும் குளிக்கவும் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். டிரம், சம்ப், பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பழைய டயர், கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் லிப்ட் குழி. தண்ணீர் தினமும் வராத ஊரில் தண்ணீரைப் பிடித்து வைக்காதே என்று யாரும் சொல்ல முடியாது. மூடி வை, வாரம் ஒருமுறை காலி செய் என்றுதான் சொல்லலாம். முட்டை கொசுவாக மாறப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதனால்தான் அந்த வாரக் கணக்கு. காலி செய்தால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த முறை தண்ணீர் ஊற்றியதும் பொரிந்துவிடும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

இதைச் சொல்லப் போகும்போது ஒரு பாட்டி என் மாணவியிடம் கேட்டார். “ஏம்மா, வாராவாரம் வந்து டிரம்முக்குள்ள எட்டிப் பாத்துட்டுப் போறீங்க. எங்க வூட்ல யாருக்கும் காய்ச்சலே இல்லியே?”

“இல்லாதப்பவே வரணும் பாட்டிம்மா, அதான்” என்றாள் அவள். அந்தப் பதிலுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

எப்போது கை வைக்கிறோம்

தடுப்பு நிலைகள் என்பவை காலத்தைப் பற்றியவை. ஒரு நோய்க்கு ஒரு வழித்தடம் இருக்கிறது. அதற்கு வழிவிடும் வாழ்க்கைமுறை உருவாகிறது, ஆபத்து சேர்கிறது, உடலுக்குள் நோய் ஓசையில்லாமல் தொடங்குகிறது, அறிகுறி வெளியே தெரிகிறது, பாதிப்பு மிஞ்சுகிறது. இந்த வழியில் எந்த இடத்தில் குறுக்கே போய் நிற்கிறோம் என்பதற்கு வைத்த பெயர்கள்தான் இவை.

சர்க்கரை நோயை வைத்துப் பார்த்தால் எளிது. பிள்ளைகள் ஓடி விளையாட மைதானம் இருப்பது, நடைபாதையில் நடக்க முடிவது, பள்ளி வாசலில் குளிர்பானக் கடை இல்லாதது. ஆபத்தே உருவாகாமல் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைக்கு ஆதிநிலைத் தடுப்பு என்று பெயர். இது பெரும்பாலும் செவிலியரின் கைக்கு எட்டாதது. சட்டமும் மாநகராட்சியும் செய்ய வேண்டியது. சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இலேயே வந்தது. அப்படிப்பட்ட சட்டங்களின் வேலை இந்த மட்டத்தில்தான். அடுத்தது முதல்நிலை. அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை, இடுப்பு பெருத்துவிட்டது, நோய் இன்னும் வரவில்லை என்ற நிலையில் இருக்கும் முப்பது வயதுக்காரரை நடக்க வைப்பதும் தட்டில் சோற்றைக் குறைக்க வைப்பதும் அது. தடுப்பூசிகளும் இந்த நிலைதான். இரண்டாம் நிலையில் நோய் வந்துவிட்டது, ஆளுக்குத் தெரியாது. வாசலிலேயே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்து, உடனே சிகிச்சையில் சேர்ப்பது. மூன்றாம் நிலையில் நோய் பழையது, நரம்பு மரத்திருக்கிறது. காலை இழக்காமல் காப்பதுதான் வேலை.

இந்த மூன்றாம் நிலையைப் பலர் ஒப்புக்குப் படிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றி வரும் ஒரு பெரியம்மாவுக்குப் பாதத்தில் உணர்ச்சி இல்லை என்றால், கல் சுடுவது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு யாராவது பார்த்துச் சொன்னால்தான் கொப்புளம் தெரியும். தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது, குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கச் சொல்வது, வெயில் ஏறும் முன்பே கோயிலுக்குப் போகச் சொல்வது, பிரகாரத்தில் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு நடக்கச் சொல்வது. இதற்கு எந்திரம் வேண்டாம், மருத்துவர் கூட வேண்டாம். ஒரு கால் மிஞ்சும்.

தேர்வில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘ரத்த அழுத்த மாத்திரை எந்த நிலைத் தடுப்பு?’ என்று கேட்பேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். கேள்வியே அரைகுறை என்பதுதான் பதில். எந்த நோய்க்கு என்று நான் சொல்லவே இல்லையே? ரத்த அழுத்தம் என்ற நோயை வைத்துப் பார்த்தால், சீக்கிரம் கண்டுபிடித்துக் கொடுக்கும் சிகிச்சை, இரண்டாம் நிலை. இன்னும் வராத பக்கவாதத்தை வைத்துப் பார்த்தால் அதே மாத்திரை முதல்நிலை. மாத்திரையின் மேல் நிலை எழுதியிருக்காது. எந்த நோயின் வழியில், எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

டெங்குவில் இந்த வரிசை நாள் கணக்கில் சுருங்கிவிடும். டிரம்மைத் தேய்ப்பது முதல்நிலை. அந்தத் தெருவில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்று வீடு வீடாகத் தேடுவது இரண்டாம் நிலை. காய்ச்சல் விட்ட நாளைக் கவனிப்பது அதற்கு அடுத்தது. பெற்றோர் ஏமாறுவது அங்கேதான். மூன்றாம் நாளுக்கு மேல் உடம்பு குளிர்ந்ததும் பிள்ளை தேறிவிட்டான் என்று நினைப்பார்கள். டெங்கு மோசமாகத் திரும்பும் நேரம் பெரும்பாலும் அதுதான். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு கிடப்பது, இதில் எது இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடாது. செவிலியர் காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்து வைத்து, காய்ச்சல் விடும் நாளில் மறுபடி அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

வீட்டுக்குப் போவது என்ற இந்த வழக்கத்துக்குச் சென்னையிலேயே ஒரு பெரிய ஆதாரம் இருக்கிறது. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரைத் தினமும் கேட்கிறோம். காசநோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்து, நல்ல காற்றும் சாப்பாடும் கொடுத்து, மாதக்கணக்கில் தங்க வைத்த இடத்தின் பெயர் அது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஒரு கேள்வியைக் கேட்டது. நெரிசலான, வசதியில்லாத வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் என்ன ஆகும்? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம், இன்னொரு பிரிவுக்கு வீடு, இருவருக்கும் ஒரே மருந்து. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. கவனியுங்கள், நோய் இல்லாத வீட்டு ஆட்களையும் அவர்கள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பார்க்காமல் விட்டிருந்தால் ‘வீட்டில் வைப்பது ஆபத்து’ என்ற பயத்துக்குப் பதில் கிடைத்திருக்காது. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக அந்த முடிவு ஒரு பெரிய காரணம். அந்த மையம்தான் இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுப்பது, கிட்டத்தட்ட அதே நம்பிக்கையின் தொடர்ச்சி. எனக்குப் பிடித்த திட்டம். பிடிக்காதது எது என்றால், ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பேனர் கட்டி நடக்கும் சில இலவச முகாம்கள். ஒரு முகாமில் நானே உட்கார்ந்திருக்கிறேன். மதியத்துக்குள் இருநூறு பேருக்கு மேல் ரத்த அழுத்தம் பார்த்தோம், சீட்டு எழுதிக் கொடுத்தோம், போட்டோ எடுத்தார்கள். அழுத்தம் ஏறியிருந்தவர்கள் அப்புறம் எங்கேயாவது போனார்களா, மாத்திரை தொடங்கினார்களா என்று யாரிடமும் பட்டியல் இல்லை. கண்டுபிடித்துவிட்டு விட்டுவிட்டால் அது இரண்டாம் நிலைத் தடுப்பு ஆகாது. ஒரு மனிதரைப் பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்பியது மட்டும்தான் மிச்சம்.

பூட்டிய பத்து வீடு

தெருவுக்கு வருவோம். ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்த அந்தத் தெருவில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க மாணவிகளை அனுப்புகிறீர்கள். பார்த்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பது வீட்டுக் குறியீடு. தெருவில் 50 வீடு. திரும்பி வந்து சொல்கிறார்கள்: “சிஸ்டர், நாலு வீட்ல புழு இருந்துச்சு. அம்பதுக்கு நாலு, எட்டு சதவீதம்.”

“அம்பது வீட்டுக்குள்ளயும் போனீங்களா?”

அமைதி. பத்து வீடு பூட்டியிருந்தது, வேலைக்குப் போய்விட்டார்கள் என்று ஒருத்தி மெதுவாகச் சொல்வாள். அப்படியென்றால் கீழே இருக்கும் எண் 40. குறியீடு எட்டு இல்லை, பத்து. அது கூட முக்கியமில்லை. வாரம் முழுக்க பூட்டியே கிடக்கும் வீட்டில் டிரம்மை யார் தேய்த்திருப்பார்கள்? கணக்கிலிருந்து நழுவிய அந்தப் பத்து வீடுகளில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

நோட்டில் அந்தப் பத்து கதவு எண்களையும் தனியாக எழுதச் சொல்வேன். ஞாயிறு காலை ஏழரை மணிக்குப் போனால் ஆள் இருப்பார்கள். டார்ச் எடுத்துக்கொள்ள வேண்டும். சம்ப்புக்குள் வெளிச்சம் போகாது.